நாலாவது பிரஷ்

புது வீட்டில் மராமத்து வேலை முடியவில்லை. ஆளில்லாத வீடு என்பதால், வாராவாரம் அறை அறையாகப் படமெடுத்து அனுப்பினால்தான் காப்பீடு செல்லும் என்று இன்சூரன்ஸ்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். அவளும் தவறாமல் அனுப்பினாள். ஐந்தாம் வாரம் அவரே போன் செய்தார்.

"குடி வந்தாச்சுன்னா சொல்ல வேண்டாமாம்மா? பாத்ரூம்ல நாலு பிரஷ் இருக்கே!"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரே புது வீட்டுக்குப் போய் பிளம்பரைப் பிடித்தாள்.

"எங்களுது இல்லக்கா. தண்ணி கனெக்‌ஷனே இன்னும் குடுக்கலையே."

தொட்டுப் பார்த்தாள். நாலுமே ஈரமாக இருந்தன. மூன்று, அவர்கள் வீட்டில் உள்ளவை போலவே இருந்தன. கணவன் கடித்துக் கடித்துப் பரத்திய நார் உட்பட. நாலாவது, சின்னக் குழந்தைக்கு வாங்குகிற குட்டி பிரஷ்.

வாடகை வீட்டிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நீங்க, நான், பாப்பா. நாம மூணு பேர்தானே?"

"இரு, எண்ணிட்டுச் சொல்றேன்," என்றான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.