கண்ணாடி கழற்றிய வண்டி

திண்டிவனம் பாலத்தடியில், உச்சி வெயிலில், அறிவுச்செல்வன் தன் பைக்கின் டேங்கைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான். பொங்கல் லீவில் சென்னையில் பைக் ஷோ. அழகைக் கெடுக்கிறதென்று இரண்டு கண்ணாடிகளையும் விழுப்புரத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தவனுக்கு, பின்னால் வந்த வண்டியை உரசித் தள்ளியதே தெரியாது. விழுந்தவன் முழங்கை தோலுரிந்து ஓரத்தில் முனகுகிறான். விழுந்தவனோடு வந்த அண்ணன் திருமுருகன் ஹெல்மெட்டாலேயே அறிவின் வாயில் அடிக்கிறான். பதினைந்து நாள் மெருகேற்றிய டேங்கில் ரத்தம் தெறிக்கிறது. அறிவு அதைத்தான் முதலில் சட்டையால் துடைக்கிறான். திருமுருகன் தரையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து வண்டியை நோக்கி ஓங்குகிறான். “என்ன எவ்ளோ வேணா அடிங்கண்ணா, வண்டிய வுட்டுடுங்க.” திருமுருகன் சிரிக்கிறான். கம்பியை அறிவின் கையில் திணிக்கிறான். “அப்ப நீயே ஒடைடா. ஜல்தி.” அறிவு எழுந்து கம்பியை ஓங்குகிறான். முதல் அடி திருமுருகனின் முழங்காலில் இறங்குகிறது.