பாலை விட்டவர்

வாசலில் பைக் சத்தம் கேட்டதும் அவள் பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கீரைக்கட்டுக்குக் கீழே செருகினாள். முந்தைய நாள் உறையை நாலாக மடித்து, வெங்காயத் தோலோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் அமுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் கணவர் சமையலறை வாசலில் நின்றார்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. அடுப்புச் சூடு."

அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நல்லவேளை, அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைச் சுத்தம் செய்யப்போகிறேன் என்று போன மாதம் ஒருநாள் பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாவற்றையும் வீட்டை விட்டுத் துரத்தினார். பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கும் தங்கையும் அண்ணனோடு சேர்ந்துகொண்டாள். காலையும் மாலையும் பாதாம் பால் காபிக்கு இங்கே ஆஜராகிவிடுவாள். பாதாமை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டுவது மட்டும் மனைவியின் வேலை.

ஆரம்பத்தில் வாத்தியார் படுத்திய பாடு சொல்லி மாளாது. காபியை ஒரு வாய் குடிப்பார், சுண்ணாம்புத் தண்ணி என்று வாஷ்பேசினில் கொட்டுவார், அதே எரிச்சலோடு வண்டியில் ஏறுவார். அவர் போட்ட கத்தலில், கார் பழக வந்த டாக்டரம்மா நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் நாலு பேர் இப்படிப் போனால் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்புறம் நாக்கு பழகிவிட்டது. மனிதர் அடியோடு மாறிப்போனார். "கிளட்ச மெதுவா விடுங்கம்மா, அவசரமே இல்ல" என்று பஞ்சு மாதிரிப் பேசினார். வயிற்று உப்புசம் போச்சு, முட்டிவலி போச்சு என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"என் கன்னத்தத் தொட்டுப் பாருங்க அண்ணி. நான் போடற எந்தக் கிரீமும் இந்தப் பளபளப்பக் குடுத்ததில்ல" என்றாள் தங்கை.

மனைவி மட்டும் கடுங்காப்பியோடு நிறுத்திக்கொண்டாள். அதில்தான் நாத்தனாருக்கு உறுத்தல். "அண்ணி எப்பப் பாத்தாலும் ஃப்ரிட்ஜுக்கு முன்னாடியே நிக்கறாங்க. கொஞ்சம் கவனிச்சுக்க" என்று அண்ணன் காதில் ஓதி வைத்தாள்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் வாத்தியாரின் முதல் வகுப்பு. பாலை விடுவது எப்படி என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லித்தரப் போகிறார்.

"கூட்டமெல்லாம் எதுக்குங்க? நம்மளோட இருக்கட்டுமே" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள்.

"நல்லது நாலு பேருக்குப் போய்ச் சேரணும்மா." அவர் ஆறிப்போன காபியின் மேல் படிந்திருந்த ஆடையை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். "பாதாமோட சத்தப் பாரு, எப்படித் திரண்டு நிக்குது!"

மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. மாடிவீட்டுக்காரர்கள் வந்தார்கள், கார் பழகுகிறவர்கள் வந்தார்கள். அதிசயமாக, கோபித்துக்கொண்டு போன டாக்டரம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வாத்தியாருக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"நாக்கு ஏமாத்தும். விளம்பரம் ஏமாத்தும். உடம்பு மட்டும் பொய்யே சொல்லாது! பால் கலந்தத ஒரு வாய் குடிச்சாப் போதும், என் வயிறு உடனே காட்டிக் குடுத்துரும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். "போம்மா, நம்ம காபியக் கொண்டாந்து எல்லாருக்கும் குடு" என்று தங்கையை அனுப்பினார். மனைவி பதறி எழுவதற்குள் அவள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள்.

திரும்பி வந்தவள் கையில் காபி இல்லை. செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, கீரைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. பால்! அதுலயும் பாதி காலி!"

வாத்தியாரின் முகம் தொங்கிப்போனது.

"இது உன் வேலையா?"

"ஆமாங்க."

"எப்பலேருந்து?"

"டாக்டரம்மா பாதியில இறங்கிப் போனாங்களே... அதுக்கு மறுநாள்லேருந்து."

டாக்டரம்மா அவசரமாகத் தன் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

"பால்கூடப் பெருசில்ல. இந்தத் திருட்டுத்தனத்தத்தான் தாங்க முடியல!" வாத்தியாரின் குரல் உடைந்தது. "நான் இங்க ஊருக்குப் பாடம் நடத்தறேன், என் பொண்டாட்டி உள்ள ஒளிஞ்சு குடிக்கறா!"

அவளுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மெல்லக் கையைப் பிடித்து, "கொஞ்சம் உள்ள வாங்க, எல்லாம் சொல்றேன்" என்றாள்.

அவர் கையை உதறினார். "உள்ள என்ன ரகசியம்? எல்லார் காதுலயும் விழற மாதிரி இங்கயே சொல்லு!"

"அதானே, சொல்லுங்க அண்ணி!" என்றாள் நாத்தனார்.

அவள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நான் எங்கங்க குடிச்சேன்? குடிச்சதெல்லாம் அண்ணனும் தங்கச்சியும்தான்."