வேலை முடிந்த பின் போராட்டம்

எண்ணெய்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் வேலை செவ்வெறும்புகளுக்குக் கிடைத்தது. எண்ணெய் எரிந்துதான் பூமி இப்படிக் கொதிக்கிறது என்று அவற்றின் சங்கம் குழாயை எதிர்த்தது. கூலியும் போகக் கூடாது. அதனால் பகலெல்லாம் தோண்டிவிட்டு, மாலையில் அதே பள்ளத்தருகே நின்று கோஷம் போட்டன.

பள்ளம் புற்றை நெருங்கியது. முட்டைகளைக் காக்கும் செங்கமலம் சங்கச் செயலாளரிடம் ஓடினாள்.

"தோழர், நாளைக் காலையில நம்ம புற்றையே தோண்டறாங்களாமே! யாரு தோண்டறது?"

"நாமதான்."

"நீங்களே தோண்டிட்டு நீங்களே திட்டுவீங்களா?"

"சும்மா விட்டுடுவோமா, தோழர்? சாயங்காலம் மாபெரும் ஆர்ப்பாட்டம். குடும்பத்தோட வந்துடுங்க."

செங்கமலம் திரும்பிப் போய் ஒரு முட்டையைத் தூக்கினாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.