பதினோராயிரம் ரூபாய் ஒயர்

பெட்டியைப் பிரித்து ஒயரை வெளியே எடுத்ததுமே அரசுவுக்குச் சுருக்கென்றது.

விரல் தண்டி ஒயர். மேலே துணிப் பின்னல், முனையில் தங்க முலாம். பெட்டியில் அச்சடித்திருந்த விலை பதினோராயிரம்.

"செட்டு என்ன விலைக்கு சார் வாங்குனீங்க?"

"ஆர்.கே.பேட்டையில ஒருத்தர் வித்தாரு. செகண்ட் ஹேண்டுதான், ஆறாயிரம்" என்றார் சுந்தரமூர்த்தி.

ஆறாயிரம் ரூபாய் ஹோம் தியேட்டருக்குப் பதினோராயிரம் ரூபாயில் ஒயர். பன்னிரண்டு வருஷமாகத் திருத்தணியில் வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டுகிறவன் அரசு. இப்படி ஒரு கூத்தை அவன் பார்த்ததில்லை.

பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். இந்தச் சின்ன ஹாலுக்கு இவ்வளவு தடிமன் தேவையே இல்லை, தன் பையில் இருக்கிற சாதா செம்பு ஒயரே போதும், அறுநூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும், இதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். சுந்தரமூர்த்தி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, "நீ இதையே போட்டுடு நைனா" என்றார்.

சொன்னால் ஏறாது, காதாலேயே கேட்கட்டும் என்று அடுத்த வழிக்குப் போனான். ஒரு ஸ்பீக்கருக்குத் தன் ஒயரையும் இன்னொன்றுக்கு அவருடைய ஒயரையும் மாட்டினான். அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றி ஓடவிட்டான். இதிலேயே முக்கால் மணி நேரம் போனது. அன்றைக்குக் கிருத்திகை வேறு. மலைக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைப்பதற்குள் அவன் அம்மையார்குப்பத்தில் இன்னொரு வேலைக்குப் போயாக வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"எதனா வித்தியாசம் தெரியுதா சார்?"

"இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"அதத்தான் சார் காலையிலேருந்து சொல்லிகினு இருக்கேன். அப்ப என் ஒயரையே போட்டுடறேன்."

"வேணாம். அதையே போடு."

அரசு கட்டிங் பிளேயரைத் தரையில் வைத்தான். காபியோடு வந்த அவர் மனைவி கௌரியம்மாளைப் பார்த்து, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா என்று கேட்டான். அந்த அம்மாள் டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து சுந்தரமூர்த்தியின் போன் அடித்தது.

"ஆங், தணிகைவேலு. மாட்டிகினு இருக்காங்கப்பா. சத்தமா? கணீர்னு கேக்குது. சாதா ஒயருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அரசுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படிப் பொய் சொல்கிறார். அதுவும் யாரிடம்? தணிகைவேலிடம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறவர் தணிகைவேல். அரசு ஈயம் பற்றவைக்கக் கற்றதே அந்தக் கடையில்தான். வருகிறவர்கள் தலையில் எல்லாம் விலை கூடிய ஒயரைக் கட்டச் சொன்னார் என்றுதான் சண்டை போட்டு வெளியே வந்தான். அன்றிலிருந்து போகிற வீட்டில் எல்லாம், அந்தக் கடையில் ஒயர் வாங்கி ஏமாறாதீர்கள் என்று சொல்லாமல் திரும்பியதில்லை.

ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தான்.

"உங்கள நல்லா ஏமாத்திட்டாரு சார். வாங்க, நானே கூட வரேன். பணத்த வாங்கித் தரேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டான். சுந்தரமூர்த்தி வேகமாகப் பின்னால் வந்து, அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் டிபார்ட்மென்ட்ல கேபிள் ஜாயின்ட் போட்டவன் நான். இந்த ஒயர்ல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

அரசு வாசலிலேயே நின்றான்.

அவர் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். தணிகைவேல் அவரோடு ஒன்றாகப் படித்தவர். சர்க்கரையால் கண் போய்க்கொண்டிருக்கிறது. மாதா மாதம் சென்னைக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ரிப்பேர் வேலை எதையும் கிட்டே வைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கடையில் மிச்சம் இருப்பதெல்லாம் விற்காமல் தங்கிப்போன இந்த ஒயர்தான். சுந்தரமூர்த்தி ஊசிக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாராம். தணிகைவேல் வாங்கவில்லை. அதோடு இரண்டு வாரம் பேசவும் இல்லை.

"யாவாரம்னாதான் கைய நீட்டுவான். நீ ஊருக்குள்ள சொல்றது நெஜம்தான் நைனா, நான் தப்பு சொல்லல. என்ன, இப்ப அந்தக் கடைக்கு ஒருத்தரும் போறதில்ல."

அரசு அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். உள்ளே வந்து பெட்டியை மறுபடி பிரித்தான். தன் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எல்லா ஸ்பீக்கருக்கும் அந்த ஒயரையே இழுத்து, சுவரோரமாக நேராக ஆணி அடித்து முடித்தான். அம்மையார்குப்பத்துக்காரர் மூன்றாம் முறை போன் செய்தபோதும் எடுக்கவில்லை.

பிறகு கௌரியம்மாளைக் கூப்பிட்டு ரிமோட்டை நீட்டினான். உங்களுக்குப் பிடித்த பாட்டு எதையாவது போட்டுக் கேளுங்களம்மா என்றான்.

"பாட்டா? எங்க வீட்ல யாருப்பா பாட்டு கேக்கறது?" என்றார் கௌரியம்மாள். "ஒயரு வாங்கறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல, அதுக்குத்தான் இவரு இந்த ஸ்பீக்கர் பொட்டிங்களையே வாங்கினு வந்தாரு."