காலி லிஃப்டின் எடை

காலியாக நிற்கும் லிஃப்ட் எப்படி எடை காட்டும் என்பது மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. லிஃப்டின் தரைக்கு அடியில் இருக்கும் எடைமானி, தன் மேல் நிற்பதை மட்டுமே அறியும். புது மானி மாட்டியும் அதே கதைதான். பிறகுதான் கவனித்தார்: யாரோ ஃப்ரிட்ஜ் ஏற்றியதற்கு முந்தைய நாளே அது ஃப்ரிட்ஜின் எடையைக் காட்டியிருந்தது. இன்று காட்டுவது, நாளை இதே நேரம் ஏறப்போகும் எடை.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, மேல்மாடியில் ட்யூஷன் விடும் நேரத்தில், பழுதுபார்க்க அவர் நிறுத்தி வைத்திருந்த காலி லிஃப்டின் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பிள்ளைகள் ஏறும் விதம் அது. அவர் மகளும் அங்கேதான் படிக்கிறாள். பிள்ளைகள் இறங்கினால் எண்ணும் படிப்படியாகக் குறைய வேண்டும். இதுவோ சட்டென்று பூஜ்யமானது. அறுந்து விழுகிற லிஃப்டுக்குள் எதற்கும் எடை இருக்காது.

"பூட்டிப் போடுங்களேன். பேயறைஞ்ச மாதிரி ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"போன வாரம் பூட்டியும் பார்த்தேன். எவனோ திறந்து ஏறிட்டான். மானி காட்டினது நடந்தே தீருது."

"எடையைத்தானே காட்டுச்சு? ஆளையா காட்டுச்சு?"

மறுநாள் மாலை அவள் பிள்ளைகளைப் படி வழியாக இறக்கினாள். அவர் மேல்மாடியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணல் மூட்டையாக, மானி காட்டிய அதே வரிசையில் லிஃப்டுக்குள் தள்ளினார். உள்ளே கால் வைக்கவில்லை. வைத்தால் எடை மாறிவிடும். கடைசியாக மகளின் எடையுள்ள மூட்டையைத் தள்ளினார். கதவு மூடியது. கயிறு அறுந்தது.

கீழே மணல் மட்டுமே கொட்டிக் கிடந்தது.