பார்க்கிங் கிடைக்காதவர்

பார்க்கிங் கிடைக்காதவருக்கு நீதியும் கிடைக்காது. நியூசிலாந்தில், ஆக்லாந்து நீதிமன்றக் கவுண்டர் ஒன்றில் இருபது வருடம் கிளார்க்காக இருந்து இரத்தினசிங்கம் கண்டுபிடித்த பேருண்மை இது. மனிதகுலத்துக்கு இதற்கு மேல் ஒரு தத்துவம் தேவையில்லை என்பது அவர் கருத்து.

பிந்தி வந்து கவுண்டரில் மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று அந்த ஒரே சாட்டைத்தான் சொன்னார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு ஷட்டரை இறக்குவார். தினமும் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். ஃபோனைப் பார்த்து நேரம் சொல்பவர்களை அவர் மனிதராகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஹில்ஸ்பரோ தமிழ் மன்றத்துக்கும் அவர்தான் செயலாளர். கூட்டம் தொடங்கும்போது மண்டபத்துக்குள் இல்லாத வேட்பாளர் போட்டியிலும் இல்லை என்று விதி கொண்டுவந்தவரும் அவரே.

போன வருடம் அவரை எதிர்த்து நின்ற ஸ்வர்ணா கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். தெருத்தெருவாகச் சுற்றியும் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். இரத்தினசிங்கம் உள்ளே நின்று தன் தத்துவத்தைச் சொல்லிவிட்டுக் கொண்டியைப் போட்டார்.

இந்த வருடமும் அவள்தான் எதிரி. தோற்றால் 'செயலாளர் ஐயா' போய்விடும். மறுநாள் முதல் வெறும் இரத்தினசிங்கம்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. கூட்டம் காலை பத்து மணிக்கு. அவர் ஷேவ் எடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி சரோஜாதேவி, "இஞ்சேருங்கோ, நேரம்..." என்று தொடங்கினாள்.

"நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதை. ஆரும் சொல்லி நேரம் அறியிற ஆள் நானில்லை."

அவளும் அனுபவசாலி. வாயை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் முதலே கிளம்பிப் போய்விட்டாள்.

இரத்தினசிங்கம் மண்டபத்துக்கு வந்தபோது கடிகாரத்தில் பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் முற்றம் முழுக்கக் கார்கள். நேரத்துக்கு முன்னே வந்திருக்கிறார்கள், தமிழர்கள். தன் கண்டிப்பு ஓர் இனத்தையே திருத்திவிட்டதை எண்ணி அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

கதவுக்கு நேரே, செயலாளருக்கென்று ஒதுக்கிய இடம் மட்டும் காலியாக இருந்தது. காரை அதில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

உள்ளே கைதட்டல். கதவு பூட்டியிருந்தது. தட்டினார். ஸ்வர்ணா வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கழுத்தில் மாலை.

"கதவைத் திறவும். இன்னும் பத்தாகேல்லை." கடிகாரத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார்.

அவள் அதை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓடுது சார். ஆனா ராத்திரியே நாடு முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளியாச்சு, இப்போ பதினொண்ணாகப் போகுது. வருஷா வருஷம் கோடைக்குத் தள்றதுதானே? எங்க ஃபோன் எல்லாம் தானா மாறிடுச்சு. உங்க விதிப்படி உங்க பேரை எடுத்துட்டாங்க. தேர்தலும் முடிஞ்சுது."

அவளுக்குப் பின்னால் சனம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் சரோஜாதேவி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினசிங்கம் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடினார். பின்னால் நின்ற தன் காரை மறைக்கிறமாதிரிக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். பிறகு கண்ணாடியருகே குனிந்து, மெல்லச் சொன்னார்.

"பார்க்கிங் கிடைக்கேல்லை, தங்கச்சி."