நந்தி படம் போட்ட டின்

சாமித்தட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்த டின்தான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி செய்து புது வீட்டுக்குப் போகிற நாள். படங்களையெல்லாம் பழைய வேட்டியில் சுற்றி வைத்துவிட்ட பூரணி, டின்னை மட்டும் கையில் ஏந்தி நின்றாள். இன்றைக்காவது அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். பதினான்கு வருஷமாக நெஞ்சுக்குள் கிடக்கிற விஷயம்.

அப்போது அவள் மாகாண ஓட்டப்போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். விளையாட்டு வாத்தியார் மத்தியாஸ், கத்தாரில் இருந்த தம்பியிடம் சொல்லி வரவழைத்த அமினோ அமில மாத்திரை அது. தசைக்கு வலு, ஓடிய களைப்பு சீக்கிரம் தீரும் என்றார். டின்னின் முன்பக்கம் திமில் பெருத்த காளை ஒன்று.

ஊருக்கு, வட்டகொடைக்கு, வருகிற பஸ்ஸிலேயே பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை வாசித்துவிட்டாள். மாட்டிறைச்சியிலிருந்து செய்தது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்கிற வெறி.

அப்பா சிவசாமி மாட்டிறைச்சியை வாசலில் அண்டவிடாத மனிதர். துரை பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவர்தான்; அங்கே அதற்கென்று தனிக்கத்தி, தனிப்பலகை. வேலை முடிந்து, மலையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்.

அன்று சாயந்திரம் டின்னை விளக்கடியில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நந்தி படம் போட்டிருக்கே தாயி! இது சாமித்தட்டுல இருக்க வேண்டிய சாமான்.”

மறுநாளிலிருந்து விடியற்காலையில் குளித்து, டின்னுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு மாத்திரையை அவரே எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் பனிக்குள் ரயில் பாதையோரம் ஓடுவாள். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் தேயிலைச் சாயத்தண்ணிப் போத்தலோடு நிற்பார்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் அவள் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு குறை. பொட்டு காளையின் நெற்றியில் விழாது. பின்பக்கம், எழுத்துகளுக்கு நடுவில் விழும்.

“என்னப்பா, நந்திக்கு நெத்தி முதுகுலயா இருக்கு?”

“சாமிக்கு எங்க வச்சா என்ன! நீ ஓடு, டைம் ஆகுது.”

வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மாத்திரை தீர்ந்தது. டின் சாமித்தட்டிலேயே தங்கிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படங்களோடு சேர்த்து அதற்கும் பொட்டு.

பூரணி ஈரத்துணியை எடுத்து டின்னைத் துடைத்தாள். அடுக்கடுக்காக இறுகிப்போயிருந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது.

“அப்பா, இதுல ஒன்னு எழுதியிருந்துச்சு. நான் ஒங்ககிட்ட...”

“அதத் தொடைக்காத தாயி!” வாசலிலிருந்து அவசரமாக வந்தது குரல்.

அவள் கை நின்றது.

சுற்றியிருந்த எழுத்துகளெல்லாம் புகையில் மங்கியிருக்க, சந்தனம் போன இடத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் புதுசாகத் தெரிந்தது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பங்களாவுக்கு வந்த இறைச்சிப் பொட்டலங்களில் எதைத் தனிக்கத்தியால் வெட்டுவது என்று, இருபத்திரண்டு வருஷமும் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பிரித்து வைத்தார்.

அதை யாரிடமிருந்து மறைத்தார்? அந்த வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பூரணி கூடைக்குள் கைவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைத் தேடி எடுத்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதே இடத்தில் பொட்டு வைத்தாள்.

“ஒன்னுமில்லப்பா,” என்றாள். “வாங்க, கெளம்பலாம்.”